வளைவில் ஓடும் கணக்கு

2003ஆம் ஆண்டு கனடாவின் ஷெர்புரூக் நகரில் நடந்த உலக இளையோர் தடகளப் போட்டியில், சிறுவர் 200 மீட்டர் ஓட்டத்தை ஜமைக்காவின் உசேன் போல்ட் 20.40 விநாடியில் முடித்துத் தங்கம் வென்றார். 2001இல் ஹங்கேரியின் டெப்ரெட்ஸனில் இதே போட்டியில் 21.73 விநாடி எடுத்து, இறுதிச் சுற்றுக்கே தகுதி பெறாதவர் அவர்.

இந்த ஓட்டத்தில் பாதிக்கு மேல், சுமார் 115 மீட்டர், வளைவுதான். ரயில் பாதை வளையும் இடத்தில் வெளித் தண்டவாளத்தை உயர்த்துவோம், 'கேன்ட்' என்போம். அகலப் பாதையில் 165 மில்லிமீட்டர் உயர்த்தினாலும் சாய்வு ஐந்தரை டிகிரிக்குள்தான். ஓடுகளமோ ஏறக்குறைய சமதளம். எனவே ஓடுபவரே உட்புறம் சாய வேண்டும். எவ்வளவு? வேகம் விநாடிக்கு 9.8 மீட்டர், வளைவின் ஆரம் 40 மீட்டர் என்று கொண்டால், சுமார் 14 டிகிரி! நான் எந்தப் பாதையிலும் வைக்காத சாய்வு. அதையும் இடுப்பை மடக்காமல், முழு உடலாகச் சாய வேண்டும்.

நம் சங்க விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளை நேர்ச்சாலையில் மட்டுமே பழக்குகிறோம். வளைவில் பின்தங்கினால், "இவனுக்கு ஓட்டம் வராது" என்று ஒதுக்கிவிடுகிறோம். பெற்றோரே, வளைவையும் பழக்குங்கள். இரண்டாண்டு பொறுத்துப் பாருங்கள்.