புயலும் கடல் ஏற்றமும்

புயலில் உயிர்களைக் கொள்ளை கொள்வது காற்றே என்று கரையோரக் கிராமவாசிகள் பலர் கருதுகின்றனர். காற்றினும் கொடியது, அதனால் உந்தப்பட்டுக் கரையேறும் கடலாகும். பாரமானியில் இரசம் ஓர் அங்குலம் இறங்கினால் கடல் ஓர் அடிக்குச் சற்று மேல் உயரும், இஃது அற்பமே. ஆழங்குறைந்த கரையோரத்தில் காற்றுத் தள்ளிவரும் நீர், பின்வாங்க இடமின்றிக் குவிவதாலேயே பேருயரம் உண்டாகிறது.

வங்காள விரிகுடாப் புயல் இடஞ்சுழியாய்ச் சுழல்வது. ஆதலின், அது செல்லும் திசைக்கு வலப்புறத்தில் காற்று கடலினின்று நிலத்தின்மீது வீசும். இடப்புறத்திலோ நிலத்தினின்று கடலை நோக்கி வீசும். 1977 நவம்பர் 19 அன்று ஆந்திரத்தில் புயல் கரைகடந்தது சீராலாவுக்கு அருகில்; ஊர்களைக் கடல் வாரிச் சென்றதோ அதற்குக் கிழக்கே, கிருஷ்ணா நதியின் முகத்துவாரத்துத் திவி சீமையில். நீர் 15 அடிக்கு மேல் எழுந்தது. ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். ஆகையால் புயல் எங்கே கரையேறும் என்று வினவினால் மட்டும் போதாது. தம்மூர் அதற்கு எப்பக்கம் என்பதையும் அங்கத்தினர் அறிதல் வேண்டும். சங்கக் களஞ்சியம் கற்கட்டிடமேயாயினும், பள்ளத்தில் இருப்பின் புகலிடமாகாது.

புயலின் கண் ஊரின் மேல் கடக்குங்கால் காற்று திடீரென ஓயும். மாடு கன்றுகளைத் தேடி ஜனங்கள் வெளியே வருவது அத்தருணத்திலேதான். சற்று நேரத்தில் எதிர்த்திசையினின்று காற்று மீளும். முன்னர் அசைந்து நின்ற மரமும் சுவரும் அப்போதே வீழும்.