இரண்டு மானிட்டரிலும் ஒரே படமா?

கேள்வி: வீட்டிலிருந்தே சில கடைகளுக்கு டேலியில் கணக்கு எழுதித் தருகிறேன். ஒரு பக்கம் பில், மறுபக்கம் டேலி என்று பார்த்தால் வேலை சுலபமாகும் என்று, சும்மா கிடந்த பழைய 19 அங்குல மானிட்டரையும் மேசையில் வைத்தேன். கடையில் ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரும் விஜிஏ கன்வெர்ட்டரும் கொடுத்தார்கள். மாட்டினால் இரண்டிலும் ஒரே படம்தான் வருகிறது. கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் சரியாகும் என்கிறார்கள். அது அவசியமா?
- வாசகி, தென்காசி

பதில்: பெரும்பாலும் அவசியப்படாது. கார்டுக்குப் பணம் கொடுப்பதற்கு முன், சிபியு பெட்டியின் பின்பக்கத்தை ஒரு முறை பாருங்கள்.

முதலில் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிடுங்கள். ஒரு போர்ட்டிலிருந்து வரும் படத்தை அப்படியே இரண்டு இடத்துக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ஒரே குழாய்த் தண்ணீரை இரண்டு குடத்தில் பிடிப்பது போலத்தான். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உங்களிடம் இருப்பது ஒரே மானிட்டர். அதனால் செட்டிங்ஸில் எதை மாற்றினாலும் பலன் இருக்காது. இரண்டிலும் தனித்தனிப் படம் வேண்டுமானால், ஒவ்வொன்றுக்கும் தனி போர்ட் வேண்டும்.

பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ தவிர வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். மூன்று வரிசையில் 15 துளைகள் உள்ள, பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும் போர்ட் விஜிஏ. அது இருந்தால் பழைய மானிட்டரை நேரடியாக அதில் மாட்டலாம், கன்வெர்ட்டரும் தேவையில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மாட்டுங்கள், இரு பக்கத் திருகுகளையும் முடுக்குங்கள். 2012-ல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் கோர் ப்ராசசர்களிலேயே மூன்று மானிட்டர் வரை தாங்கும் கிராபிக்ஸ் உள்ளே சேர்ந்து வந்துவிட்டது. டேலிக்கும் பில்லுக்கும் அது தாராளம்.

விஜிஏ இல்லாமல் டிஸ்ப்ளே போர்ட் இருந்தால், அதிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்குங்கள். இந்தக் கன்வெர்ட்டர்கள் ஒருவழிப் பாதை: டிஜிட்டல் படத்தை அனலாக் ஆக்குமே தவிர, திருப்பி மாட்டினால் வேலை செய்யாது.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. உங்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கிராபிக்ஸ் கார்டு இருந்தால், மவுஸ், கீபோர்டு மாட்டும் இடத்துக்குக் கீழே தனியாக ஒரு பட்டையில் அதன் போர்ட்டுகள் தெரியும். அப்படியானால் இரண்டு மானிட்டரையும் கார்டிலேயே மாட்டுங்கள். கார்டு இருக்கும்போது மதர்போர்டு போர்ட்டுகள் பல கம்ப்யூட்டர்களில் தானாகவே அணைந்துவிடும். ‘நோ சிக்னல்’ என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டையும் மாட்டியதும் விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ‘பி’ எழுத்தைத் தட்டுங்கள். வரும் பட்டியலில் ‘எக்ஸ்டென்ட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து ‘டிஸ்ப்ளே செட்டிங்ஸ்’ போங்கள். 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். பழைய மானிட்டர் மேசையில் இடப்பக்கம் இருந்தால், அதன் கட்டத்தையும் இடப்பக்கம் இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் மவுஸ் ஒரு ஓரத்தில் முட்டி நிற்கும். ரெசல்யூஷனில் ‘ரெகமண்டட்’ என்று இருப்பதையே வையுங்கள். விஜிஏ-வில் எழுத்து மங்கலாக இருந்தாலோ, படம் ஒரு பக்கம் ஒதுங்கினாலோ, மானிட்டரில் உள்ள ‘ஆட்டோ’ பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

விண்டோஸ் கீ, ஷிஃப்ட், அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்தினால், திறந்திருக்கும் விண்டோ பக்கத்து மானிட்டருக்குத் தாவும். தினமும் பயன்படும், பழகிக்கொள்ளுங்கள்.

உடம்பையும் கவனியுங்கள். அதிக நேரம் பார்க்கப்போவது டேலி என்பதால் அந்த மானிட்டர் நேர் எதிரே இருக்கட்டும். பில் மானிட்டரை ஒட்டி வைத்து, உங்களை நோக்கிச் சற்றுத் திருப்புங்கள். இரண்டும் கை நீட்டும் தூரத்தில், மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். கழுத்து திரும்பியே இருந்தால், மிச்சமான நேரம் வலியில் போய்விடும்.

பின்பக்கம் ஒரே ஒரு எச்டிஎம்ஐ மட்டும்தான் என்றால் செலவு உண்டு. அப்போதும் யுஎஸ்பி-யில் மாட்டும் டிஸ்ப்ளே அடாப்டர் உங்கள் வேலைக்குப் போதும். அதற்குரிய டிரைவரை இன்ஸ்டால் செய்ய வேண்டும். எதை வாங்கப் போனாலும், பின்பக்கத்தையும் மானிட்டரின் போர்ட்டையும் போனில் படமெடுத்துக் காட்டிக் கேளுங்கள். ஸ்ப்ளிட்டரின் பில் கையில் இருந்தால், ஸ்ப்ளிட்டரைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.