வாடைக்காலத்துக் கரைக்கடல்

புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள ஆவுடையார்கோவிலுக்குத் திருப்பெருந்துறை என்பது பழம்பெயர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகர் குருவருள் பெற்ற தலம் இதுவே என்பர். இங்குள்ள கோயிலின் சிற்பத் திறத்தைக் காண வருவோர் பலர்; பழம்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘துறை’ என்னும் சொல்லை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இவ்வூருக்குக் கிழக்கே கடல் உளது. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் முதலிய நெய்தல் நிலத்து ஊர்கள் அக்கரையில் அமைந்துள்ளன. அவ்வூர் மீனவர்க்குக் கடலே வயல். ஆயினும் உழவனுடைய வயல் இட்ட இடத்திலே கிடக்கும். மீனவனுடைய வயலோ காற்றுக்கேற்பக் குணம் மாறும்.

இக்கடல் பாக்கு விரிகுடா எனப்படும். பெரும்பகுதியில் இதன் ஆழம் 10 மீட்டருக்கு மேற்படுவதில்லை. மீனவர் கணக்கிற் கூறின் ஏறத்தாழ ஐந்தரைப் பாகம். இரு கைகளையும் விரித்து அளக்கும் நீளம் ஒரு பாகமாகும். ஆழம் குறைந்த கடல் அச்சம் தாராது என்று மாணவர் கருதுதல் கூடும். உண்மை அதற்கு மாறானது. ஆழ்கடலில் அலை நீண்டு உருண்டு செல்லும். படகும் அதன்மேல் ஏறி இறங்கும். ஆழமற்ற நீரிலோ காற்று வலுத்தவுடன் அலைகள் குறுகி, நெருங்கிச் செங்குத்தாக எழும். ஓர் அலையினின்று படகு நிமிருமுன் மறு அலை வந்து மோதும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்க, இவ்விரிகுடா பெரிதும் அமைதியாய் இருக்கும். ஐப்பசி முதல் வாடை வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். வடகிழக்கே திறந்து கிடக்கும் நீரிணை வழியே காற்றும் அலையும் நுழைந்து, அடிச்சேற்றைக் கலக்கி, நீரைச் செந்நிறமாக்கும்.

பாய்மரப் படகுகள் மிகுந்திருந்த நாளில், இக்கரையோரத்து மீனவர் படகிற்குக் குறுக்கே நீண்டதொரு பலகையைச் செலுத்தி, காற்றடிக்கும் பக்கத்தில் அதன் நுனியில் ஏறியமர்ந்து, படகு கவிழாமல் காத்தனர். காற்று வலுக்க வலுக்கப் பலகைமேல் அமர்வோர் தொகையும் மிகும்! ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கிலேயர் இந்தியப் படகுகளைப் பற்றி 1920இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இத்தகைய படகுகளை விவரித்துள்ளார். இப்பொழுது வல்லங்களில் இயந்திரம் பொருத்திவிட்டனர். ஆயினும் இயந்திரம் படகை ஓட்டுமேயன்றி, எவ்விடத்திற்கு ஓட்டுவதென்று கூறாது. அதனைக் கூறுபவர் படகின் தலைவர். கடற்புறங்களில் அவரைத் தண்டல் என்றும் தண்டையல் என்றும் வழங்குவர். தண்டல் என்றவுடன் நிலவரி வாங்குபவரை நினைத்தல் வேண்டா. இது வேறு சொல்.

கார்த்திகை மாதத்து விடியற்காலை ஒன்றை மனத்தில் அமைத்துக் காண்போம். ஐந்து நாளாக வாடை ஓயவில்லை. படகுகள் கரையேறிக் கிடக்கின்றன. வீட்டில் அரிசிப் பானையும் அடிதெரிகிறது. ஆறாம் நாள் காற்றுச் சற்றுத் தணிகிறது. இளைஞன் ஒருவன் வலையைத் தோளில் இட்டுக்கொண்டு வந்து நிற்கிறான்.

“தாத்தா! காற்று விழுந்துவிட்டதே, வெளிக்கடலுக்குப் போவோமா?”

முதியவர் உடனே விடை கூறவில்லை. கீழ்த்திசை மேகத்தையும், கரையில் உடையும் அலையின் இடைவெளியையும் நோக்குகிறார். வானொலி கூறிய வானிலை அறிக்கையைக் கேட்டுவரச் சொல்கிறார். புயல் எச்சரிக்கை ஒன்றும் இல்லையென்று தெரிந்த பின்னரும், “வெளியே வேண்டாம், தம்பி. கழிமுகத்தருகே தூண்டில் போடுவோம். வலையை வைத்துவிட்டு வா” என்கிறார்.

இவ்விடையில் அச்சமும் உண்டு; அறிவும் உண்டு. கொடுவா என்னும் மீன் முட்டையிடுவது உவர்நீரில். அதன் குஞ்சுகள் வளர்வது கழிகளிலும் ஆற்று நீரிலும். மழைக்காலத்தில் ஆறுகள் கடலோடு கலக்கும்பொழுது, வளர்ந்த மீன்கள் கழிமுகத்தை நாடும். இளமையில் ஆணாயிருந்து, பெருத்தபின் பெண்ணாக மாறுவது இம்மீனின் வியத்தகு இயல்பு. இது இரையைத் துரத்தி அலைவதைவிடப் பதுங்கிப் பாய்வதையே விரும்பும். ஓதம் இறங்கும் வேளையில் கழியினுள் இருந்த மடவைக் குஞ்சும் இறாலும் நீரோடு வெளியே இழுபடும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் விளிம்பில் கொடுவா காத்து நிற்கும். கடல் முழுதும் கலங்கிய நாளில் மனிதன் ஒதுங்கிடம் தேடுவது போலவே மீனும் தேடுகிறது. அந்த இடத்தை அறிந்தவரே தண்டல்.

இடத்தை எவ்வாறு அறிவது? நீரின்மேல் அடையாளம் நாட்ட இயலாதன்றோ? கரையிலுள்ள ஒரு பனையும் அதன் பின்னுள்ள ஒரு கோபுரமும் ஒரே நேராகத் தோன்றும் கோடு ஒன்று. பிறிதொரு பக்கத்தில் பள்ளிவாயில் தூபியும் ஒரு மரமும் நேராகும் கோடு மற்றொன்று. இரு கோடுகளும் வெட்டும் புள்ளியே அவர்தம் இடம். பள்ளியில் வடிவகணிதம் கற்றோர் இதன் நுட்பத்தை எளிதில் உணர்வர். மழை மூட்டத்தில் கரை மறைந்தால் கழியை நீரில் ஊன்றி, நுனியில் ஒட்டுவது சேறா மணலா என்று பார்ப்பர்.

வேற்று நாடுகளிலும் இத்தகைய வழிகாட்டிகள் உளர். மலேயா நாட்டு மீனவருள் ‘ஜூரு செலாம்’ என்னும் வல்லுநர் நீருள் தலையை அமிழ்த்தி, கத்தாழை மீன்கள் எழுப்பும் ஒலியைக் கேட்டு வலைவிடும் இடத்தைக் கூறி வந்துள்ளனர். அக்கத்தாழை இனத்தைச் சேர்ந்ததும், சிவந்த மேனியும் வாலடியில் கரும்புள்ளியும் உடையதுமாகிய ‘ரெட் டிரம்’ என்னும் மீன் அமெரிக்க நாட்டின் தென்கரைக் கழிகளில் உண்டு. அதனைத் தூண்டிலிட விரும்புவோர் நீரறிந்த ஒருவரைக் கூலிக்கு அமர்த்திச் செல்வர். அவர்க்கு அது பொழுதுபோக்கு. பாக்கு விரிகுடா மீனவர்க்கோ வயிற்றுப்பாடு. காற்று மாறினால் திரும்பிவிடுவோம் என்று முடிவு செய்வது முன்னவர்க்கு எளிது.

பின்னவர்க்கு அம்முடிவு எத்துணை அரிதென்பதை இக்கடலின் வரலாறு காட்டும். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற புகைவண்டியையும் பயணிகளோடு கடல் கொண்டது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த ‘கஜா’ புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் சூறையாடியது. இம்முறை எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. ஆயினும் அடுப்பெரியாத வீட்டில் எச்சரிக்கையைக் கேட்டு அமர்ந்திருப்பதும் ஒரு துன்பமே.

மீண்டும் நம் படகிற்கு வருவோம். உயிருள்ள இறாலைத் தூண்டிலிற் கோத்து, நீரோட்டத்தில் விட்டுக் காத்திருக்கின்றனர். நெடுநேரம் ஒன்றும் இல்லை. பின்னர் ஓதம் இறங்கத் தொடங்கியதும் கயிறு சட்டென்று இழுபடுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கொடுவாக்கள் ஏறுகின்றன. இளைஞன் முகம் மலர்ந்து நான்காவது இறாலைக் கோக்கிறான். முதியவரோ கரையை நோக்குகிறார். கோபுரம் பனைக்குப் பின்னே மங்குகிறது.

“நங்கூரத்தை எடு, தம்பி.”

“இன்னும் ஒரே ஒரு முறை, தாத்தா!”

முதியவர் மறுமொழி கூறாமல் தாமே கயிற்றைப் பற்றி இழுக்கத் தொடங்குகிறார். இளைஞனும் இறாலை நீரில் எறிந்துவிட்டு அவரோடு கைகொடுக்கிறான். அவர்கள் கரை சேர்ந்து, மூன்று மீன்களையும் ஏலத்திற்கு வைத்தபொழுது, மணலை வாரி இறைத்துக்கொண்டு வாடை மீண்டும் எழுந்தது. கழிமுகம் முழுதும் வெண்ணுரை.