வாடிக்கையாளர் பதிவேட்டைப் புதுப்பிக்கும் முறை

ஜாசினில் ஒரு தையற்கடை. அதன் பழைய 555 நோட்டில் "முகம்மது, எஸ்டேட் லயம், முன்பணம் 20 வெள்ளி" என்றிருக்கிறது எனக் கொள்வோம். எந்த முகம்மது? லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவரை எங்கே தேடுவது? துணி கடையிலேயே கிடக்கும், அமானிதம் பாழாகும்.

கடனை எழுதி வைக்குமாறு அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் பணிக்கிறது. எழுதியது பின்னர் விளங்கவும் வேண்டுமல்லவா?

1. கணினியில் அட்டவணை அமைத்து, ஒருவருக்கு ஒரு வரி ஒதுக்குக: பெயர், தகப்பனார் பெயர், கைப்பேசி எண், அளவு, பாக்கி, கடைசியாக வந்த தேதி.

2. பாக்கியும் முன்பணமும் உள்ளவர்களை முதலில் ஏற்றுக. மற்றவர்களை, அவர்கள் கடைக்கு வரும்போது கேட்டுத் திருத்துக.

3. முகம்மது, முஹம்மது, மொஹமட் என்பவர் ஒருவராகவும் இருக்கலாம்; மூவராகவும் இருக்கலாம். தகப்பனார் பெயரும் எண்ணும் ஒத்தாலன்றி இணைக்காதீர்.

4. வாரந்தோறும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைக்கவும். வரிக்கான பதிவுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டுமாதலால், பழைய நோட்டை அவசரப்பட்டு எறியலாகாது.

5. 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் அமலில் உள்ளது. விவரம் எதற்கென்று வாடிக்கையாளரிடம் தெரிவிப்பது கடமை. சட்டை தைக்க அடையாள அட்டை எண் எதற்கு? வேண்டாததைக் கேளாதீர்.

முன்பணம் தந்தவர் மறந்தாலும், வாங்கிய நாம் மறக்கலாகாது.