‘வா’ என்றால் வரவேண்டும்: வீட்டு நாயைப் பழக்குதல்

வேலி இல்லாத வளவுகளில் ஒருவருடைய கோழியை இன்னொருவருடைய நாய் பிடித்தால் என்ன நடக்கும் என்பது நாம் அறிந்ததே. முதலில் வாய்த்தர்க்கம் வரும். பிறகு இரு வீட்டாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளியும் முகம் பார்க்கமாட்டார்கள். சொந்தக் காணியை விட்டு வந்து, முகாமிலோ உறவினர் வளவிலோ நெருக்கமாக வாழும் குடும்பங்களுக்கு அயலாரின் நல்லுறவு பெரிய முதல். நாயைப் பழக்குவது அந்த முதலைக் காக்கும் வேலை.

நாய் எப்படிக் கற்கிறது?

நாம் சொல்லும் நியாயம் நாய்க்கு விளங்காது. தான் ஒன்றைச் செய்த கையோடு என்ன கிடைத்தது என்பதையே அது மனதில் பதிக்கும். நல்லது கிடைத்தால் அதைத் திரும்பச் செய்யும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். நாய் அயல்வீட்டுக் குஞ்சைக் கவ்விவிட்டது. வீட்டுக்காரர் தடியுடன் நின்று ‘வா, வா’ என்று கத்துகிறார். நாய் குஞ்சைப் போட்டுவிட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு வருகிறது. வந்ததும் அடி விழுகிறது. நாய் கற்றது என்ன? குஞ்சைப் பிடித்தால் அடி என்பதை அல்ல. கூப்பிட்டு வந்தால் அடி என்பதையே. அடுத்த முறை அது வராது.

ஆகவே என்ன குற்றம் செய்திருந்தாலும், கூப்பிட்டு வந்த நாயை அடிக்கக்கூடாது. இந்தப் பாடத்தின் அடிப்படை இதுவே.

தொடங்குமுன்

இதற்கெனக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நாய்க்கு வைக்கும் சாப்பாட்டிலிருந்தே கொஞ்சத்தை எடுத்து வையுங்கள். சுண்டுவிரல் நகமளவு பாண் துண்டு, சிறு சோற்று உருண்டை, முள் நீக்கிய மீன் துண்டு எதுவும் போதும். சாப்பாட்டுக்கு முன், பசியுள்ள நேரத்தில், காலையும் மாலையும் 5 நிமிடம் பழக்குங்கள். ஒருவர் ‘வா’ என்றும், மற்றவர் ‘இஞ்சை ஓடிவா’ என்றும் கூப்பிட்டால் நாய் குழம்பும். வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு மாதக் குட்டியையும் பழக்கலாம்; வளர்ந்த நாயும் கற்கும், சற்றுக் கூடுதல் பொறுமை வேண்டும்.

நான்கு பாடங்கள்

1. பெயர்: பெயரை ஒருமுறை சொல்லுங்கள். நாய் உங்களைப் பார்த்தவுடன் துண்டைக் கொடுங்கள். பெயரைச் சொல்லி ஏசுவதைத் தவிருங்கள்.

2. ‘வா’: கழுத்துப்பட்டியில் 10 முழக் கயிற்றைக் கட்டுங்கள். இரண்டு அடி தள்ளி நின்று, பெயரையும் ‘வா’ என்பதையும் சந்தோஷமான குரலில் சொல்லுங்கள். வந்தவுடன் துண்டைக் கொடுத்துத் தடவி விடுங்கள். நாளடைவில் தூரத்தைக் கூட்டுங்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம். கிட்டப் போய் மீண்டும் தொடங்குங்கள்.

3. ‘இரு’: துண்டை மூக்குக்கு மேலே பிடித்து, மெதுவாகத் தலைக்குப் பின்பக்கம் கொண்டுபோங்கள். தலை மேலே போக, பின்பக்கம் தானே நிலத்தில் படும். அந்த நொடியிலேயே கொடுங்கள். ஆட்கள் வரும்போது பாயும் நாய்க்கு இது மிகவும் உதவும்.

4. ‘விடு’: துண்டை மூடிய கைக்குள் வைத்திருங்கள். நாய் முகர்ந்து, நக்கிப் பார்த்து, பின் மூக்கை எடுக்கும். அப்போது ‘விடு’ என்று சொல்லி, மற்றக் கையால் வேறு துண்டைக் கொடுங்கள். இது பழகிய பின் கயிற்றில் பிடித்தபடி, கோழிகளுக்குத் தூரத்தில் நில்லுங்கள். ‘விடு’ என்றதும் கோழியை விட்டு உங்களைப் பார்த்தால் துண்டைக் கொடுங்கள். சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது கிட்டப் போங்கள். நன்கு பழகும் வரை, கோழி மேயும் நேரத்தில் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

உயிர் காக்கும் பாடம்

மிதிவெடி அகற்றி முடியாத காணிகளில் சிவப்பு எச்சரிக்கைப் பலகை நாட்டப்பட்டிருக்கும். நாய் அதற்குள் ஓடினால் பின்னால் ஓடுவது பெரும்பாலும் சிறுவர்களே. ‘வா’ என்ற சொல்லுக்குத் திரும்பும் நாய், பிள்ளையின் காலையும் காக்கிறது. அது திரும்பாவிட்டாலும் உள்ளே போகக்கூடாது. வெளியே நின்றே கூப்பிடுங்கள். நாயைத் தேடி எவரும் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவையுங்கள்.

விசர்நோய்

எவ்வளவு பழகிய நாயும் ஒருநாள் கடிக்கலாம். ஆண்டுதோறும் விசர்நோய்த் தடுப்பூசி போடுங்கள். இலவசமாக ஊசி போடும் நாளைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறியலாம். கடி பட்டால் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நோய் வெளிப்பட்ட பின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது பகுதியில் நாய்களால் வந்த சச்சரவுகள் எவை? அவற்றில் எவற்றைப் பழக்கத்தால் தவிர்த்திருக்கலாம்?
2. எல்லா வீட்டாரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த உடன்படலாமா?
3. ஒரே நாளில் எல்லா நாய்களுக்கும் ஊசி போடுவிக்க யார் பொறுப்பெடுப்பது?