கேட்பவருக்கெல்லாம் ஒரு கணினி!



"ஒரு கம்ப்யூட்டருக்குள்ள முப்பது கம்ப்யூட்டரா? கதை விடாதடா" என்று எங்க அப்பா சிரித்தார். வாடகைப் பாத்திரக் கடையில் லோடு ஏற்றுகிறார் அவர். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

வெர்ச்சுவல் மெஷின் என்றால் என்ன?

ஒரு சர்வரின் பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகியவற்றைப் பங்கு போட்டு, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினி போல ஓட வைப்பதுதான். பங்கு போடும் மென்பொருளின் பெயர் ஹைப்பர்வைசர். இது புதுசு இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1972-லேயே வி.எம்/370 என்ற பெயரில் இதைத் தந்தது. 2006-ல் அமேசான் இப்படிப்பட்ட கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விட ஆரம்பித்தது. 2007-ல் கே.வி.எம். லினக்ஸ் கெர்னலில் சேர்ந்தது. நம்மைப் போன்றவர்களும் காசில்லாமல் செய்து பார்க்க வழி பிறந்தது.

"அப்போ இதுவும் வாடகைக் கடைதான்" என்றார் அப்பா. சரியாகச் சொன்னார்! கேட்பவர் வருமுன் சரக்கு தயாராக இருக்க வேண்டும்.

எதை எதை எண்ண வேண்டும்?

எங்கள் லேபில் இருந்தது ஒரே சர்வர். வகுப்பில் 30 பேர். சார் அனுமதியோடு சீனியர் அண்ணா ஒருவரும் நானும் போட்ட கணக்கு இது.

1. மெமரி: மொத்தம் 64 ஜி.பி. சர்வருக்கே 4 வைத்துக்கொண்டால் மீதி 60; ஆளுக்கு 2. மெமரியில் மட்டும் இருப்பதற்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். தீர்ந்துபோனால் லினக்ஸ் ஏதாவது ஒன்றை நிறுத்திவிடும். அது யாரோ ஒருவரின் மெஷினாகவே இருக்கலாம்.

2. பிராசஸர்: இருப்பது 16 கோர். ஆளுக்கு 2 என்றால் 60. இது பரவாயில்லை. எல்லாரும் ஒரே நொடியில் வேலை கொடுப்பதில்லை. கொடுத்தாலும் வேகம்தான் குறையும்.

3. டிஸ்க்: 1 டி.பி. ஆளுக்கு 20 ஜி.பி. வீதம் 600. மூல இமேஜ் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொண்டால், கேட்டவுடன் நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒவ்வொரு தடவையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

4. ஐ.பி. முகவரி: இங்கேதான் நான் சறுக்கினேன். 255.255.255.224 என்ற மாஸ்க் போட்டால் 32 முகவரி. முதலும் கடைசியும் மெஷினுக்குத் தரக்கூடாது, மீதி 30. "முப்பது பேருக்கு முப்பது, கச்சிதம்!" என்று நோட்டில் எழுதினேன். கேட்வேக்கு ஒன்று போகும் என்பதை மறந்தே போனேன்.

பிராக்டிகலுக்கு முந்தின நாள் மாலை. 29 பேருக்கு மெஷின் வேலை செய்தது. முப்பதாவது நண்பனுக்கு பூட் ஆனது, ஆனால் நெட்வொர்க் வரவில்லை. அவன் வீட்டில் கணினி கிடையாது. கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஒரு மணி நேரம் கேபிளையே மாற்றி மாற்றிப் பார்த்தோம். அவன் பழகிப் பார்க்காமலே கிளம்பிவிட்டான். மாஸ்க்கை 255.255.255.192 என்று மாற்றி 62 முகவரி ஆக்கியது, அவன் பஸ் ஏறிய பிறகு. மறுநாள் அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா சொன்னார்: "அண்டா எண்ணினா போதுமாடா? கரண்டி ஒண்ணு குறைஞ்சாலும் பந்தி நின்னுடும்."

ஆகவே நண்பர்களே, நாலில் எது குறைவோ, அதுவே நாம் தரக்கூடிய மெஷின்களின் எண்ணிக்கை. ஒவ்வொருவருக்கும் அளவு வையுங்கள். திருப்பித் தரும் தேதியையும் எழுதி வாங்குங்கள். வேலை முடிந்த மெஷின்கள் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் ஆளுக்கு வேலை செய்வதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். கடைசி ஆளின் மெஷினை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள்.

எண்ணிக் கொடுப்போம், எல்லாருக்கும் கொடுப்போம்!