வேலையில் இருந்தவாறே மேலாண்மை நுழைவுத் தேர்வு

கொல்கத்தாவின் தென்பகுதியான பெஹாலாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் சாலை வழியே மேலும் தெற்கே சென்றால் ஜோகா வரும். நாட்டின் முதல் இந்திய மேலாண்மைக் கழகம் அங்குதான் உள்ளது. 1961 நவம்பரில், பாரக்பூர் டிரங்குச் சாலையிலுள்ள எமரால்டு போவர் மாளிகையில் தொடங்கப்பெற்ற இக்கழகம் 1975இல் ஜோகாவுக்கு மாற்றப்பட்டது. பெஹாலா வழியே செல்லும் தாராதலா - ஜோகா மெட்ரோ ரயில் 2022 டிசம்பர் 30 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. பெஹாலாவில் வசிக்கும் ஓர் அலுவலக ஊழியர் இன்று சில நிமிடங்களில் கழகத்தின் அருகே சென்று இறங்கிவிடலாம். மாணவராக உள்ளே நுழைவதற்கோ அவர் 'கேட்' எனப்படும் பொதுச் சேர்க்கைத் தேர்வைக் கடக்க வேண்டும்.

பொதுவாக நவம்பர் இறுதியில் நடைபெறும் இத்தேர்வு 2 மணி நேரம் கொண்டது. மொழித்திறன், தரவு விளக்கமும் தருக்கமும், கணிதம் என்னும் மூன்று பிரிவுகளுக்கும் தலா 40 நிமிடங்கள். ஒரு பிரிவில் மிஞ்சிய நேரத்தை மற்றொன்றுக்குப் பயன்படுத்த இயலாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாவில் தவறினால் 1 மதிப்பெண் குறையும். கண்ணை மூடிக்கொண்டு குறித்தால் சராசரியாக இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. தவறான ஒரு விடையை உறுதியாக விலக்கிவிட்டால் மட்டும், எஞ்சிய மூன்றில் ஊகிப்பது சற்றே ஆதாயம் தரும். எனவே எந்த வினாவை விட்டுவிடுவது என்பதையும் பயில வேண்டியுள்ளது.

நேரக் கணக்கு

முழுநேர ஊழியருக்கு அரிய பொருள் நேரமே. வேலை நாட்களில் ஒன்றரை மணி, வார விடுமுறை இரு நாட்களிலும் சேர்த்து ஏழரை மணி என்று கொண்டால் வாரத்திற்கு 15 மணி கிடைக்கும். ஏப்ரல் தொடக்கம் முதல் நவம்பர் இறுதி வரை சுமார் 34 வாரங்கள். ஏறத்தாழ 500 மணி. இது போதுமான அளவுதான். ஆனால் இரவில் களைத்துத் திரும்பியபின் புதிய கணிதப் பாடத்தைத் தொடுவது பெரும்பாலும் வீண். அதை விடியற்காலைக்கு வைத்துக்கொண்டு, மாலையில் முன்பு பிழைத்த கணக்குகளைத் திருப்பிப் பார்ப்பதே நன்று.

தேர்வு ஆங்கிலத்திலேயே நடத்தப்படுகிறது. வங்காளியிலோ தமிழிலோ பள்ளிப்படிப்பை முடித்தவர்களுக்கு இதுவே உண்மையான தடை, கணிதம் அன்று. நீண்ட கட்டுரைப் பகுதியை விரைந்து படித்துக் கருத்தைப் பிடிக்கும் பழக்கம் கடைசி மாதத்தில் வந்துவிடாது. தினசரி ரயில் பயணத்தைப் பொருளாதாரம், வரலாறு, அறிவியல் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளுக்கென ஒதுக்குவோர் எட்டு மாதங்களில் பயன் காண்பர்.

துர்கா பூஜை விடுமுறை தேர்வுக்குச் சில வாரங்கள் முன்னதாக வருகிறது. பந்தல்களுக்குப் பெயர்பெற்ற பெஹாலாவில் அந்நாட்களில் இரவிலும் தெருவில் கூட்டம் ஓயாது. முழுமையான மாதிரித் தேர்வுகளை எழுத ஊழியருக்குக் கிடைக்கும் தொடர் விடுமுறையும் அதுவே! காலையில் எழுதி, பகலில் பிழைகளை ஆராய்ந்தால் மாலைப் பொழுதைக் குடும்பத்தினருக்கு அளிக்கலாம்.

வேறு வழிகள்

கேட் மதிப்பெண் அடுத்த ஆண்டின் இறுதி வரையே செல்லும். ஜீமேட் மதிப்பெண்ணோ ஐந்தாண்டுகள் செல்லும். தேர்வு நாளையும் ஆண்டின் எப்பகுதியிலும் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாண்டுப் பணி அனுபவம் உள்ளோர்க்கென 2007இல் ஜோகாவில் ஓராண்டு முழுநேரப் படிப்பு தொடங்கப்பட்டது. வேலையை விட இயலாதோரும் உண்டு. 1953இல் கொல்கத்தாவில் நிறுவப்பட்ட இந்திய சமூகநல வணிக மேலாண்மை நிறுவனம் இத்தகையோர்க்காக மாலைநேர வகுப்புகளை நடத்தி வந்துள்ளது.

மத்திய அரசு ஊழியர், 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளின்படி, ஐந்தாண்டுத் தொடர்பணிக்குப் பின் கல்வி விடுப்புக் கோரலாம். பணிக்காலம் முழுவதிலும் பொதுவாக 24 மாதங்களே உச்ச வரம்பு. மேற்கொள்ளும் படிப்பு அவரது பணியுடன் நேரடித் தொடர்புடையது என்று காட்ட வேண்டும்; பிணைப் பத்திரமும் எழுதித் தர வேண்டும். விடுப்பு கிடைக்குமா என்பதைத் தேர்வு முடிவுக்குப் பின் விசாரிப்பதைவிட, விண்ணப்பம் நிரப்பும்போதே தம் அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் கேட்டுத் தெளிவது நலம்.